ஆறெழுத்தில் ஓர் இடம்

ஓசூரில் ஒரு ஷெட் போட்டு இரண்டு மெஷின் இறக்கிவிட்டால் போதும், மனிதருக்கு இங்கிலீஷ் வார்த்தை மேல் ஆசை வந்துவிடுகிறது. தமிழில் பெயர் வைத்தால் பெங்களூர்க்காரர் படிக்க மாட்டாராம். கன்னடத்தில் வைத்தால் நம் ஆள் படிக்க மாட்டாராம். தெலுங்கு வீட்டோடு சரி. ஆகவே இங்கிலீஷ். அதிலும் சும்மா ஒரு வார்த்தை ஆகாது. இத்தனை எழுத்து என்று நியூமராலஜிக்காரர் கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார். குடும்பத்தார் பெயர்களின் முதல் எழுத்துகள் அதற்குள் வந்தாக வேண்டும். அகராதியிலும் அந்த வார்த்தை இருந்தாக வேண்டும். இத்தனை நிபந்தனையையும் சொல்லிவிட்டு, "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மேடம்" என்று என் கடையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

நான் ஜெபசீலி. ராயக்கோட்டை ரோட்டில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது நான். ஏணி வைத்து ஏறி மாட்டுவது என் வீட்டுக்காரர் ஸ்டெபின். இந்த எழுத்துக் கணக்கில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வார்த்தை தேடுவது பிடிக்கும். வாடகைக்கு வீடு பார்ப்பது போலத்தான் அதுவும். வெளியிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும், உள்ளே அப்பாவுக்கு ரூம் இருக்காது. எல்லோருக்கும் இடம் இருக்கும், ஆனால் வார்த்தையின் அர்த்தம் ஆஸ்பத்திரி வியாதியாக இருக்கும். எழுத்தையும் நீளத்தையும் கொடுத்தால் வார்த்தைகளைக் கொட்டும் வெப்சைட்டுகள் இருக்கின்றன. நான் முதலில் மண்டைக்குள் தேடிவிட்டுத்தான் அங்கே போவேன். அது என் வீம்பு.

சுரேந்தர் வந்தது ஒரு திங்கட்கிழமை. தொரப்பள்ளிப் பக்கத்து ஆள். ரொம்ப நாள் சொந்தமாக லாரி ஓட்டியவர், இப்போது அதை விற்றுவிட்டு சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில், கம்ப்யூட்டர் புரோகிராமில் இரும்பைக் கடையும் சிஎன்சி மெஷின் போட்டிருப்பதாகச் சொன்னார். கூட ஒரு பெண் வந்திருந்தாள். வயது முப்பத்தெட்டு இருக்கும். தலையை இறுக்கி வாரி, காட்டன் சுடிதாரில், கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தாள். மெஷினில் வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள், கண்ணாடி கீறாமல் இருக்க.

"ஆறெழுத்து மேடம். கிருஷ்ணகிரியில கணக்குப் பாத்துட்டோம், ஆறுதான் நமக்கு ராசி" என்றார் சுரேந்தர். "அதுக்குள்ள மூணு எழுத்து வந்துடணும். டி வந்து எங்கப்பா திம்மராயனுக்கு, அவரு இப்ப இல்ல. எஸ் எனக்கு. பி பாப்பாவுக்கு."

"பாப்பா உங்க பொண்ணுங்களா?"

"இல்லீங்க, இதான் பாப்பா. என் தங்கச்சி." பக்கத்தில் இருந்தவளைக் காட்டினார். "ஷெட்டே இவள நம்பித்தான். பெரிய கம்பெனியில செட்டரா இருந்துச்சு. மெஷினுக்கு புரோகிராம் போட்டு, டூல் செட் பண்ணி, மொதப் பீஸ் எடுத்துக் குடுக்கறதெல்லாம் பாப்பாதான். எனக்கு அந்த மெஷின் கதவத் தொறக்கக்கூடத் தெரியாது."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நான் அவளைப் பார்த்து, "உன் பேரு என்னம்மா?" என்றேன்.

"மேகலாங்க."

"அப்ப எம் தானே வரணும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சுரேந்தர் சிரித்தார். "அது ஸ்கூல் பேரு மேடம். எங்க வீட்ல யாரு அதக் கூப்பிட்டா? பொறந்ததுல இருந்து பாப்பாதான்."

மேகலா சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பலகைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் அவர். சரி என்று மூன்று எழுத்தையும் மனதில் போட்டுக் குலுக்கினேன். ஸ்பிரிட் என்று முதலில் வந்தது, அது ஆஸ்பத்திரி வாசனை. ஸ்கிரிப்ட் என்று வந்தது, அது சினிமா கம்பெனி. ஸ்ப்ரௌட், முளைகட்டிய பயறு. நான்காவதாகச் சொன்னேன்: "பிஸ்டன்."

மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். விரலை மடக்கி எழுத்துகளை எண்ணினார். ஆறு. பி இருக்கிறது, எஸ் இருக்கிறது, டி இருக்கிறது. "எங்கப்பா மேல சத்தியமா மேடம், இது தானா வந்த பேரு. இத்தன வருசம் லாரி ஓட்டியிருக்கேன், பிஸ்டன் இல்லாம வண்டி ஏதுங்க?"

"நாம பிஸ்டன் பண்ணலையேண்ணா" என்றாள் மேகலா மெதுவாக. "புஷ்ஷும் பின்னும்தான பண்ணப் போறோம். பிஸ்டன் கேட்டு ஆளுங்க வந்துடுவாங்க."

"வரட்டுமே பாப்பா, வந்தா நல்லதுதான?"

போர்டு அளவு, நிறம் எல்லாம் பேசி முடித்துவிட்டு அவர்கள் போனார்கள். வாசலில் அவர் அவளுடைய ஹெல்மெட்டை எடுத்து, தூசி தட்டி, கையில் கொடுத்தார். பாசமான அண்ணன்தான், அதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேகலா தனியாக வந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்த நான் சாப்பிட்டாயா என்று கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

"அக்கா, பிக்கு பதிலா எம் வெச்சு ஆறெழுத்து பாக்க முடியுங்களா? டியும் எஸ்ஸும் இருக்கட்டும்."

"அண்ணன் சொன்னாரா?"

"நான்தான் கேக்கறேன். கெடச்சா நானே அண்ணன்கிட்டப் பேசிக்கிறேன்."

நான் சாப்பாட்டை மூடி வைத்தேன். "ஒரு எழுத்துதானே மேகலா. அவரு உன்னைய விட்டுடலையே, பாப்பான்னு சேத்துத்தானே இருக்காரு?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

"எனக்குக் கல்யாணம் ஆகலக்கா. ஆகியிருந்தா அந்த வீட்ல யாருக்காச்சும் அண்ணி, யாருக்காச்சும் சித்தின்னு ஆகியிருப்பேன். பேரு தானா மாறியிருக்கும். ஆகாததால பாப்பாவாவே நின்னுட்டேன். அண்ணன் பசங்களே பாப்பா அத்தைன்னுதான் கூப்பிடுதுங்க. நான் கம்பெனிக்குப் போன அன்னிக்குத்தான் மொதமொதல்ல ஒருத்தர் மேகலான்னு கூப்பிட்டாரு. சட்டையில பேட்ஜ் குத்துனாங்க. மெஷின்ல ஏதாச்சும் கோளாறுன்னா மேகலாவக் கூப்பிடுன்னு கத்துவாங்க. அந்தப் பேருக்கு ஒரு வேலை தெரியும்க்கா. பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. பாப்பாவுக்கு ஹெல்மெட்கூட அண்ணன்தான் எடுத்துக் குடுக்கணும்."

நான் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"இப்பக் கம்பெனிய விட்டுட்டேன். பேட்ஜும் போச்சு. இனிமே அந்தப் பேரு எங்கதான் இருக்கும், சொல்லுங்க? போர்டுலயும் பாப்பான்னா, நான் எங்கண்ணன் ஷெட்டுல வேலை பாக்கற பாப்பாதான். எங்க ஷெட்டுன்னு ஆகாது."

அப்புறம் என் தலைக்கு மேலே இருந்த எங்கள் கடைப் பெயரைப் பார்த்தாள். மகள் பெயரில் வைத்தது, கெசியா சைன்ஸ். "உங்க எழுத்து இதுல எதுக்கா?" என்றாள்.

குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் அந்தப் பலகையை டிசைன் செய்தவளே நான்தான். ஜே எங்கே என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த எரிச்சலில் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன்.

எம்முக்கு வார்த்தைகள் கொட்டின. மாஸ்டர். "டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர்" என்று அவளே தள்ளினாள். சிஸ்டம், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மெட்டல்ஸ் என்றதும் எனக்கு ஆசையாக இருந்தது, தொழிலுக்கும் பொருத்தம். "வேணாங்கா, பழைய இரும்பு எடுக்கற எடம்னு மூட்டையத் தூக்கிட்டு வந்துடுவாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசியில் சம்மிட் வந்தது.

"அப்படின்னா?"

"மலையோட உச்சி."

அவள் ஒரு தாளில் இங்கிலீஷில் அதை எழுதிப் பார்த்தாள். அப்பா இருந்தார், அண்ணன் இருந்தார். நடுவில் எம். பக்கத்திலேயே இன்னொரு எம். "ரெண்டு எம் இருக்குதேக்கா, ஒண்ணு யாருக்கு?"

"ரெண்டும் உனக்குத்தான். இத்தன நாள் இல்லாததுக்கும் சேத்து வெச்சுக்கோ."

தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். போகும்போது அவள் நடையே வேறாக இருந்தது. எனக்கு அன்று மதியம் முழுவதும் மனசு லேசாக இருந்தது. எப்படியும் அண்ணன் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன், அத்தனை பாசமான ஆள்.

சாயங்காலம் சுரேந்தர் போன் செய்தார்.

"மேடம், பாப்பா ஏதோ மலை உச்சின்னு சொல்லுது. அதெல்லாம் வேணாங்க, பிஸ்டனே போடுங்க. வர்ற வெள்ளிக்கிழமை பூஜை. கார்டுகூட அடிச்சாச்சு."

"அவங்களுக்கு அவங்க பேரோட எழுத்து இருக்கணும்னு ஆசைங்க."

"அவளுக்குத்தான் பி இருக்கே மேடம்?"

"அது பாப்பாவுக்குங்க. மேகலாவுக்கு எங்க இருக்குது?"

அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "ரெண்டும் ஒரே ஆளுதானே மேடம்? அப்பா போனப்புறம் நான்தான் அவளப் பாத்துக்கறேன். லாரிய வித்து மெஷின் வாங்கியிருக்கேன். என்னோட பேருக்கு எவ்ளோ எடமோ அவ்ளோ எடம் அவளுக்கும் குடுத்திருக்கேன். இதுல என்ன கொறைன்னு எனக்குப் புரியலைங்க."

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கெட்ட மனிதராக இருந்தால் நான் இரண்டு வார்த்தை கடிந்து பேசியிருப்பேன். பாசத்தோடு பேசுகிறவரை என்ன செய்வது? சரிங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஸ்டெபினிடம் எரிந்து விழுந்தேன். அவர் பெயிண்ட் டப்பாவைக் கழுவிக்கொண்டே, "போர்டு போடறவளுக்கு அடுத்த வீட்டுப் பஞ்சாயத்து என்னாத்துக்கு?" என்றார். அதற்கும் சேர்த்து விழுந்தேன்.

பிஸ்டன் போர்டை நான்தான் செய்தேன். சிவப்பில் வெள்ளை எழுத்து. நன்றாக வந்துவிட்டது, அதுதான் கடுப்பு.

போர்டு மாட்ட நான் போகிற வழக்கமில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஸ்டெபின் ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஷெட் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே புது மெஷினுக்கு மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, கதவில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து தெலுங்கிலும் தமிழிலும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சுரேந்தர், மேகலாவின் அம்மா பூவம்மாள் பட்டுப்புடவையில் எல்லோருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் தனியாக ஒருவர், பேன்ட் சட்டையில். அவர் பெயர் பெரியதம்பி என்று சுரேந்தர் அறிமுகம் செய்தார். மேகலா முன்பு வேலை பார்த்த கம்பெனியின் குவாலிட்டி ஆபீசர். முதல் பீஸைக் கண் முன்னால் எடுத்துக் காட்டி, அவர் அளந்து பார்த்துச் சரி என்றால்தான் ஆர்டர். அந்த ஆர்டரை நம்பித்தான் ஷெட்டே.

ஸ்டெபின் ஏணியில் ஏறிப் போர்டை மாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஐயர் கற்பூரம் காட்டி முடித்தார்.

"பாப்பா, ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார் சுரேந்தர்.

மேகலா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புதுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பாப்பா?"

"நீங்களே பண்ணுங்கண்ணா."

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். "எனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு மட்டும் என்னண்ணா தெரியும்? நான் பாப்பாதானே. மெஷின் ஓட்டறது மேகலா. அவ பேருதான் போர்டுல இல்லையே. கூப்பிடாத எடத்துக்கு அவ எப்படி வருவா?"

குரலை உயர்த்தவில்லை. பெட்டிக்கடையில் தீப்பெட்டி கேட்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மடியில் வைத்திருந்த அளவுகோலை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்த ஆர்டர் போனால் அண்ணனுக்கு மட்டும் போகாது, அவளுக்கும்தான் போகும். வேலையை விட்டுவிட்டு வந்தவள். உன் ஒரு எழுத்துக்காக இதையெல்லாம் தொலைத்துக்கொள்ளாதே என்று ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று எனக்கு இருந்தது. அவளுக்கு அந்த வார்த்தையைத் தேடிக் கொடுத்தவளே நான்தானே.

பூவம்மாள் கேசரித் தட்டோடு அங்கிருந்தே அதட்டினார். "பாப்பா, நாலு பேரு முன்னாடி என்ன அடம் இது?"

மேகலா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. "பாப்பான்னா அடம்தானேம்மா புடிக்கும்."

பெரியதம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து அவள் அருகே போனார். "மேகலா, என்ன ஆச்சு? ஏதாச்சும் டூல் பிரச்சனையா? சொல்லுங்க மேகலா, நான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்."

அவ்வளவுதான். அந்த மனிதர் அந்தப் பெயரை எத்தனையோ வருடமாகச் சொல்லிப் பழகியவர், அதனால் சாதாரணமாகச் சொன்னார். மேகலாவும் சட்டென்று நிமிர்ந்து, "டூல் எல்லாம் சரியா இருக்குது சார்" என்றாள். அது வேறு குரல். வீட்டில் யாரும் கேட்டிருக்காத குரல் என்று சுரேந்தரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் தங்கையையும் அந்த ஆபீசரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் போர்டை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

திரும்பி வந்து அவள் நாற்காலி முன்னால் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊரெல்லாம் பார்க்கிறது, வெட்கம் வேறு.

"மே... மேகலா."

புதுச் செருப்பில் முதல் அடி வைக்கிறவர் போலத்தான் இருந்தது. நாற்காலிகளில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மேகலா, வாம்மா. வந்து ஸ்டார்ட் பண்ணு."

அவள் உடனே எழுந்துவிடவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன நினைத்தாரோ, ஏணியை மடக்கிக்கொண்டிருந்த ஸ்டெபினைக் கூப்பிட்டார். "அண்ணா, அத எறக்கிடுங்க."

"இப்பவேங்களா? பூஜ பண்ண போர்டுங்க."

"எறக்குங்கண்ணா. அதுல ஆளு கொறையுது."

மேகலா எழுந்தாள். புடவை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். தலைப்பூவை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள், மெஷின் பக்கத்தில் தொங்குகிற எதுவும் ஆகாது. வளையலைக் கழற்றினாள். மெஷின் கதவை இழுத்துச் சாத்தி, பட்டன்களை அழுத்தினாள். உள்ளே எண்ணெய்த் தண்ணீர் கண்ணாடியில் அடித்தது. அவள் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

வெளியே ஸ்டெபின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சுரேந்தர் என் அருகே வந்து தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"மேடம், அந்த மலை உச்சி... அதுல பி வராதில்லைங்க?"

"வராதுங்க. ஆறெழுத்துல எல்லாருக்கும் எடம் இருக்காது."

"சரி, பாப்பாவ நாங்க வீட்லயே வெச்சுக்கறோம்" என்றார். வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அதையே போட்டுடுங்க" என்றார்.

உள்ளே மெஷின் நின்றது. பெரியதம்பி பீஸை அளந்துகொண்டிருந்தார். சுரேந்தர் பரபரப்பாகப் படியேறினார். "பாப்..." என்று ஆரம்பித்து, வாசற்படியிலேயே நின்று, பெயர் இல்லாத அந்த ஷெட்டுக்குள் கேட்கும்படி கூப்பிட்டார்.

"மேகலா, சரியா வந்துச்சா?"